காட்டு நிழலில் ஒரு வேர்ப்பயிர்

பயிர் என்றதும் உழுத வயலும் ஓடும் வாய்க்காலுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. காட்டை அழித்துக் கழனி காண்பதே உலகின் நெடுநாளைய வழக்கம். ஆயினும், மரம் ஒன்றையும் வெட்டாது, அதன் நிழலிலேயே விளைவிக்கப்படும் பயிரும் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வளரும் ஜின்செங் என்னும் மூலிகை அத்தகையது.

ஜின்செங் வேரைச் சீன மருத்துவர்கள் பன்னெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். சீனத்து வேரைப் பற்றிப் படித்திருந்த லஃபிதோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், 1716ஆம் ஆண்டில் மான்ட்ரீல் நகருக்கு அருகே, மொஹாக் பழங்குடியினரின் துணையோடு அதன் அமெரிக்க இனத்தைக் கண்டறிந்தார். அதன்பின் வாணிகம் பெருகிற்று. 1784இல் நியூயார்க்கிலிருந்து கான்ட்டன் துறைமுகத்திற்குச் சென்ற ‘எம்பிரஸ் ஆப் சைனா’ என்ற கப்பல் ஏறத்தாழ 30 டன் வேரைச் சுமந்து சென்றது.

கொய்யக் கொய்யத் துளிர்ப்பதற்கு இது கீரையன்று. வேரே மருந்தாதலின், அதனை அகழ்ந்தால் செடியே மடிகின்றது. தோண்டத் தோண்டக் காட்டில் இச்செடி அருகிற்று. 1975 முதல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று இதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி வருகின்றது.

அங்ஙனமாயின் தோட்டத்தில் பயிரிடலாகாதோ? பயிரிடுகின்றனர். பாத்தி கட்டி, நிழற்பந்தல் அமைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் வேர் பருத்துவிடும். ஆனால் செடிகள் நெருங்கியிருத்தலால் பூஞ்சண நோய் எளிதிற் பரவும். மருந்து தெளித்தல் இன்றியமையாததாகும். விலையோ குறைவு.

காட்டுமுறை வேறு. இலையுதிர் காலத்தில் மேப்பிள் போன்ற மரங்களின் கீழே சருகை விலக்கி, அரை அங்குல ஆழத்தில் விதையை ஊன்றி, மீண்டும் சருகால் மூடிவிடுகின்றனர். நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு நிழல் வேண்டும். அதனை மரங்களே தருகின்றன. பழத்தினின்று உதிர்ந்த விதை முளைப்பதற்கே ஏறத்தாழ 18 திங்கள் ஆகும். வேர் முதிர 8 முதல் 10 ஆண்டுகள் செல்லும். ஆண்டுதோறும் தண்டு உதிர்ந்த இடத்தில், வேரின் கழுத்தில் ஒரு தழும்பு எஞ்சும். அவற்றை எண்ணியே வணிகர் அகவையை அறிவர். மெலிந்து, சுருங்கி, முறுக்கேறிய அவ்வேருக்குத் தோட்டத்து வேரினும் பன்மடங்கு விலை கிடைக்கின்றது.

இடர் இல்லாமல் இல்லை. பத்தாண்டுக் காலம் காத்து வளர்த்ததைக் கள்வர் ஓரிரவில் அகழ்ந்து செல்வதும் உண்டு. எனினும், மரத்தை வெட்டினால் நிழல் போகும். நிழல் போனால் பயிரும் போகும். ஆகவே, காட்டைக் காத்தலே இங்கு உழவனுக்கு ஊதியம் ஆகின்றது.