இராப் பிரயாணமும் சைக்கிள் விளக்குகளும்

வாகனங்கள் பலவற்றுள்ளும் எளியாரும் செல்வரும் ஒருங்கே கையாளத்தக்கது துவிசக்கர வண்டியாகிய சைக்கிள் ஒன்றேயாம். அது தீனி வேண்டாது, பெட்ரோல் வேண்டாது, ஏறியிருப்பவனுடைய கால்வலிமையைக் கொண்டே ஓடுவது. நம் கல்லூரி மாணவருள்ளும் ஊழியருள்ளும் இன்றும் அதனையே நம்பி வருவோர் உளர். அவருட் பலர் விளையாட்டு, நூல்நிலையம், ஆராய்ச்சிச்சாலை முதலியவற்றில் மாலைப்பொழுதைச் செலவிட்டு, இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பகலிற் பழகிய வழியே இரவில் வேறொரு வழியாக மாறிவிடுகின்றது. குழியும் மேடும் மறைகின்றன. படுத்திருக்கும் மாடும், சாலையோரத்துக் கற்குவியலும் அருகே சென்ற பின்னரே தெரிகின்றன. பின்னால் விரைந்து வரும் லாரியை ஓட்டுவோனுக்கோ, சைக்கிளிற் செல்பவன் ஒரு நிழலேயாகின்றான். இங்ஙனமிருக்க, மணி, பூட்டு, பின்தாங்கி முதலியவற்றை ஆராய்ந்து வாங்கும் நாம் விளக்கைப் பற்றி எண்ணுவது அரிது. இக்காலத்துக் கடைகளில் விற்கும் சைக்கிள்களுட் பல விளக்கின்றியே வருகின்றமையால், அதனைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு வாங்குவோரையே சார்ந்ததாகின்றது. ஆதலின், முன்விளக்கு பின்விளக்கு ஆகிய இரண்டனையும் தெரிந்தெடுக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

விளக்கின் வரலாறு

ஆதியில் சைக்கிளின் முன்னே தொங்கியது எண்ணெய் விளக்கு. காற்றிலும் அதிர்ச்சியிலும் அது அடிக்கடி அணைந்துபோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்பைடு விளக்கு வழக்கிற்கு வந்தது. கால்சியம் கார்பைடுக் கட்டிகளின்மேல் நீர் துளித்துளியாக விழ, அசெட்டிலீன் வாயு பிறந்து வெண்சுடராக எரியும். அதன் பின்னர் வந்தது டயரில் உராய்ந்து சுழலும் டைனமோ. நம் பழைய மாணவர் இதனை நன்கறிவர். வழக்கமாக அது 6 வோல்ட் அழுத்தத்தில் 3 வாட் மின்சாரம் தரும், அதில் 2.4 வாட் முன்விளக்கிற்கும், 0.6 வாட் பின்விளக்கிற்கும் உரியன. விரைந்து மிதித்தால் ஒளிரும், மெல்லச் சென்றால் மங்கும், நின்றால் அணையும், மழையில் நனைந்த டயரில் வழுக்கும். விளக்கின்றிச் செல்வோரைக் காவலர் வழிமறித்து அபராதம் விதித்த காலமும் ஒன்றிருந்தது.

இந்நாளில் நிலைமை முற்றும் மாறியிருக்கின்றது. 1993-ஆம் ஆண்டில் ஷூஜி நகமுரா என்னும் ஜப்பானியர் பிரகாசமான நீலநிற எல்.இ.டி. விளக்கை உலகிற்கு வெளியிட்டார். அந்நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளொளியாக மாற்றும் பொருளை அதன்மேற் பூச, வெள்ளொளி பிறந்தது. இத்துறையில் உழைத்த அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014-ஆம் ஆண்டில் பௌதிக சாஸ்திரத்திற்குரிய நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதன் பயனாகப் பழைய குமிழ்விளக்கைக் காட்டிலும் பன்மடங்கு ஒளியைச் சிறு மின்கலத்தைக் கொண்டே நாம் இன்று பெறுகின்றோம்.

காண்டலும் காணப்படுதலும்

சைக்கிள் விளக்கிற்குத் தொழில் இரண்டு. ஒன்று, செல்வோனுக்கு வழியைக் காட்டுதல். மற்றொன்று, செல்வோனைப் பிறர்க்குக் காட்டுதல். அநேகர் முதலாவதையே விளக்கின் பயனென்று கருதுகின்றனர். தெருவிளக்குள்ள நகரத்தில் வழி நன்கு தெரிகின்றமையால், விளக்கு வேண்டுவதில்லையென்று துணிகின்றனர். இத்துணிபு பிழையுடையது. நமக்கு வழி தெரிவதனால், பிறர்க்கு நாம் தெரிகின்றோம் என்பது பெறப்படாது. தெருவிளக்கின் கீழும், கடைகளின் பலநிற ஒளிகளுக்கிடையிலும், விளக்கில்லாச் சைக்கிள் எளிதில் மறைந்துபோம்.

முன்விளக்கு

முன்விளக்கு வெள்ளொளி உடையதாதல் வேண்டும். கடைக்காரர் அதன் ஆற்றலை லூமென் என்னும் அளவாற் கூறுவர். அது விளக்கினின்று புறப்படும் ஒளி முழுவதன் அளவு. சாலையின்மீது விழும் ஒளியின் செறிவை லக்ஸ் என்னும் அளவு காட்டும். தூரம் இருமடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது சாஸ்திர விதி. எனவே, மிக்க லூமென் உடைய விளக்கும், தன் ஒளியை மரக்கிளைகளின் மேலும் எதிர்வருவோர் முகத்திலும் சிதறவிடுமாயின், சாலையில் இருளே மிஞ்சும்.

எவ்வளவு தூரம் ஒளி எட்டவேண்டும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திற் செல்பவன் ஒரு வினாடியில் ஏறக்குறைய 5½ மீட்டர் செல்கின்றான். குழியைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை வினாடி கழியுமாயின் 8 மீட்டர் கடந்துவிடுகின்றான். உலர்ந்த சாலையில் வண்டி நிற்பதற்கு மேலும் 5 மீட்டராகும். ஆகவே 15 மீட்டருக்கு அப்பாலுள்ள குழியாயினும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். ஈரச்சாலையில் இன்னும் மிகுதியாக வேண்டும். இதற்கு, தெருவிளக்குள்ள இடங்களில் 100 முதல் 200 லூமென் போதும்; இருண்ட கிராமச் சாலைகளுக்கு 300 முதல் 600 லூமென் வரை உள்ளது தக்கது. ஒளி எட்டும் தூரத்தை மீறி வேகமாகச் செல்லாதிருத்தல், எவ்விளக்கு உடையோர்க்கும் பொதுவிதியாம்.

வாங்கும்போது கவனிக்கத்தக்க பிறிதொன்று ஒளிக்கற்றையின் வடிவம். ஜெர்மனி தேசத்துச் சட்டம், 10 மீட்டர் தூரத்தில் 10 லக்ஸேனும் இருத்தல் வேண்டுமென்றும், எதிர்வருவோர் கண்ணைக் கூசச்செய்தல் ஆகாதென்றும் விதிக்கின்றது. அதற்கிணங்கச் செய்த விளக்குகளில் ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கும். ஒளி முழுவதும் தரையிலேயே படும். அத்தகைய விளக்குக் கிடையாவிடின், உள்ள விளக்கையே சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துக. ஒளி மிகுந்தவிடத்து வட்டம், விளக்கு இருக்கும் உயரத்தைவிடக் கீழே விழுகின்றதா என்று ஒரு சுவரின்முன் நின்று சோதித்தல் எளிது. எதிரே வருவோனுடைய கண்ணைக் குருடாக்கினால், அவன் தடுமாறி மோதுவது நம்மீதேயாகலாம். இருட்டிற்குப் பழகிய கண், பேரொளியால் கூசியபின், தன் முழு ஆற்றலையும் மீண்டும் பெறுவதற்கு நெடுநேரம் செல்லும்.

பின்விளக்கு

இருவிளக்குள்ளும் உயிரைக் காப்பதில் முதன்மையுடையது பின்விளக்கே என்பது என் கருத்து. முன்னே வரும் ஆபத்தை நம் கண் காணும். பின்னே வருவதைக் காண்பதற்கு நமக்குக் கண்ணில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோட்டார் வண்டி பின்னால் வருகின்றது. நாம் 15 கிலோமீட்டர் வேகத்திற் செல்கின்றோம் எனக் கொள்வோம். இடைவெளி வினாடிக்கு 12½ மீட்டர் வீதம் குறைகின்றது. தாழ்த்திய முகப்பொளியில், கருநிற உடையணிந்தவன் 50 மீட்டருக்குள் வந்த பின்னரே ஓட்டுவோன் கண்ணிற் படுவானாயின், இருக்கும் அவகாசம் 4 வினாடி. 200 மீட்டரிலேயே ஒரு செவ்வொளி தெரியுமாயின், அவகாசம் 16 வினாடி. அவன் வேகத்தைக் குறைத்து விலகிச்செல்ல இது தாராளமாகப் போதும். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறு விளக்கு வாங்கித் தருவது இப் பன்னிரண்டு வினாடிகளையே.

பின்விளக்கு செந்நிறமாயிருத்தல் வேண்டும். இருக்கைத் தண்டிலோ பின்தாங்கியின் கடைசியிலோ, சாயாமல் நேரே பின்னோக்கும்படி அதனைப் பொருத்துக. புத்தகப் பை, மழைச்சட்டை, தாங்கியில் வைத்த மூட்டை, தொங்கும் மேலாடை என்பவை அதனை மறைத்துவிடுவது நாடோறும் காணும் காட்சி. மின்னி மின்னி எரிவது நல்லதா, நிலையாக எரிவது நல்லதா என்று சிலர் வினவுவர். மின்னுவது விரைவிற் கண்ணைக் கவரும். ஆயினும் அதன் தூரத்தையும் வேகத்தையும் மதிப்பிடுதல் கடினம். ஜெர்மனி மின்னும் விளக்கை விலக்கியிருக்கின்றது. இங்கிலாந்து 2005-ஆம் ஆண்டு முதல், நிமிஷத்திற்கு 60 முதல் 240 தடவை மின்னுவதை அனுமதிக்கின்றது. நிலையாக எரிவதொன்றும் மின்னுவதொன்றுமாக இரண்டு வைத்துக்கொள்ளுதல் இருதிறப் பயனையும் தரும். ஒன்று கெட்டால் மற்றொன்று துணையாம்.

எதிரொளிப்பான்கள்

சக்கரத்திலும் பெடலிலும் மட்கார்டிலும் பதிக்கும் எதிரொளிப்பான்கள் சிறந்த துணைகள். பெடலிலுள்ளவை காலுடன் மேலும் கீழும் அசைவதால், முன்னே செல்வது ஒரு மனிதன் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஆயினும் அவை தாமாக ஒளிர்வன அல்ல. பிறர் விளக்கின் ஒளி தம்மீது பட்டாலன்றி அவை விளங்கா. குறுக்குச் சந்தினின்று வெளிப்படும் வண்டியின் ஒளி, நாம் அதன் நேர்முன்னே வரும்வரை அவற்றின்மேற் படுவதில்லை. விளக்கில்லா மாட்டுவண்டிக்காரனுக்கும் நடந்து செல்வோனுக்கும் அவற்றாற் பயன் சிறிதுமில்லை. ஆகையால் விளக்கிற்குப் பதிலாக அவற்றைக் கொள்ளலாகாது.

மின்சாரமும் மழையும்

நாடோறும் இரவில் நெடுந்தூரம் செல்வோர்க்குச் சக்கரக் குடத்திலேயே அமைந்த டைனமோ உகந்தது. அது வழுக்குவதில்லை, மின்னேற்றவும் வேண்டுவதில்லை. விலை மிகுதியென்பதே அதன் குறை. ஏனையோர்க்கு மின்னேற்றிப் பயன்படுத்தும் விளக்குகள் போதும். அவற்றின் மேலுறையில் எழுதிய நேரம், பெரும்பாலும் மிகக் குறைந்த ஒளியில் எரியும் நேரமாதலால், முழு ஒளியில் எத்தனை மணி எரியும் என்பதைக் கேட்டு வாங்குக. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தவறாமல் மின்னேற்றுக. பத்துக் கன்னியருடைய உவமையை அறிந்த நமக்கு, எண்ணெயில்லாத் தீவட்டியின் கதியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஐப்பசி கார்த்திகை மழைக்கு விளக்கு தாங்குமா என்பதையும் நோக்குக. ஐ.பி.எக்ஸ். 4 என்னும் குறியுடையது எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும்; 7 என்னும் குறியுடையது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது. முன்னது சாதாரண மழைக்குப் போதும்.

முடிவுரை

விளக்கை வாங்கிவிடுவதோடு காரியம் முடிந்துவிடாது. பொழுது சாயும் வேளையிலேயே அதனை ஏற்றுக. அந்திநேர மங்கலில்தான் கண் மிகவும் ஏமாறுகின்றது. மழைநேரப் பகலிலும் ஏற்றுக. கண்ணாடியில் படிந்த சேற்றையும் தூசியையும் துடைத்துவிடுக. எல்லாவற்றிற்கும் மேலாக, வண்டியில் ஏறுமுன் ஒருமுறை பின்புறம் சென்று செவ்விளக்கு எரிகின்றதா என்று பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்க. ஏறி அமர்ந்தபின் அதனை நாம் காண்பதில்லை. அது அணைந்தாலும் நமக்குத் தெரியாது. தான் காணாததும் பிறர் மாத்திரமே காண்பதுமாகிய அவ்வொளியைப் பேணுகின்றவன், தன் உயிரைக் காப்பதோடு, அறியாது மோதிக் கொலைப்பழி ஏற்கும் துயரினின்று மற்றொருவனையும் காக்கின்றான். நம் மாணவர் ஒவ்வொருவரும் இவ்வாண்டிலேயே இவ்வழக்கத்தை மேற்கொள்வாராக.