வேனில் டி.வி. தெரியலையா? கம்பி ஆன்டெனாவை திருப்பாதீங்க!

கொடைக்கானல்: மலைக்கு வேனில் வந்து தங்குவோர், டி.வி. தெரியவில்லை என்று கம்பி ஆன்டெனாவை எத்தனை தடவை திருப்பினாலும் இனி பலன் இல்லை. ஒரு காலத்தில் தென் மாவட்டங்களுக்கு படம் அனுப்பியது கொடைக்கானல் டி.வி. டவர். தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுக்க 2021-22ல் ஏறக்குறைய மூடப்பட்டு விட்டது. ரிப்பேருக்கு காசு கொடுத்து ஏமாறாதீங்க.

மாதக் கட்டணம் இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் போதும். தட்டு பார்க்க வேண்டியது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில். அந்தப் பக்கம் யூகலிப்டஸ் மரம் மறைத்தால் சிக்னல் வராது. வண்டியை தள்ளி நிறுத்துங்க.

பனிமூட்டத்தால் பெரிதாக பாதிப்பு இல்லை. கனமழை பெய்தால் படம் போகும், மழை விட்டதும் தானாக வரும். அப்புறமும் வரலையா? கேபிள் முனையில் ஈரம் இறங்கியிருக்கும், துடைத்து இறுக்குங்க. வண்டியை இடம் மாற்றினால் தட்டையும் மறுபடி திருப்பணும். இடி, மின்னல் நேரத்தில் தட்டைத் தொடவே கூடாது.