வீட்டுக்குள்ளிருந்து விண்ணை நோக்குதல்

1880ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் தமக்கெனக் கட்டிக்கொண்ட வானாய்வுக் கூடத்தில், ஹென்றி டிரேப்பர் என்னும் மருத்துவர் ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள ஒளிமுகிலைப் புகைப்படம் எடுத்தார். ஒளிமுகில் ஒன்று புகைப்படத் தகட்டில் பதிந்தது அதுவே முதல் முறை. தகட்டின் மீது ஒளி விழுந்துகொண்டிருந்த 51 நிமிடமும் 11 அங்குலத் தொலைநோக்கியை விண்ணோடு ஒத்து நகர்த்த வேண்டியிருந்தது. அதற்குக் கடிகாரப் பொறி ஒன்று இருந்ததாயினும், பொறியை நம்பி மனிதன் வீட்டுக்குள் போய்விட முடியாத காலம் அது. படம் சரியாக விழுந்ததா என்பது தகட்டைக் கழுவிய பின்னர்தான் தெரியும்.

டிரேப்பருக்குப் பின் நெடுங்காலம் இந்த நிலை மாறவில்லை. கலிபோர்னியாவில் பாலோமர் மலைமீது 1948ஆம் ஆண்டு திறப்பு விழாக் கண்ட 200 அங்குலத் தொலைநோக்கியில், ஆய்வாளர் குழாயின் உச்சியிலுள்ள ஒரு கூண்டுக்குள் ஏறி அமர்ந்து, மின்சாரத்தால் சூடேறும் உடுப்பை அணிந்துகொண்டு, குளிர்கால இரவுகளைக் கழித்தார். இன்றோ ஹவாய்த் தீவில் 4,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கும் கெக் தொலைநோக்கிகளை, அடிவாரத்திற்கு அப்பாலுள்ள வைமேயா என்னும் ஊரில் ஓர் அறைக்குள் அமர்ந்து இயக்குகிறார்கள். 1969ஆம் ஆண்டில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டுபிடித்ததும், 2009ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்ததுமாகிய மின்னணுப் படச்சில்லே இதற்கு வழி திறந்தது. எடுத்த படத்தை எடுத்த கணமே வேறோர் இடத்திலிருந்து காணலாம் என்றானபின், கருவியும் மனிதனும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கிற்று.

பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே உரியதாயிருந்த இவ்வசதி இப்போது வீட்டின் கொல்லைப்புறத்துக்கும் வந்துவிட்டது. கையடக்கமான தொலைநோக்கியையும் காமிராவையும் வெளியே நிறுத்திவிட்டு, முன்கூடத்தில் விசிறிக்குக் கீழே அமர்ந்து அவற்றை இயக்குவோர் பலர். இது எவ்வாறு இயலுகிறது? தொலைநோக்கியின் பக்கத்தில் நிற்பவன் என்னென்ன செய்கிறான் என்று முதலில் எண்ணிப் பார்த்தால் விளங்கும். கையால் திருப்புகிறான், கண்ணால் இடமறிகிறான், தெளிவு பார்க்கிறான். மூன்றாவதாக ஒன்றுண்டு, அதைச் செய்வதாக அவனே நினைப்பதில்லை. தோலால் காற்றையும் பனியையும் முதல் மழைத்துளியையும் உணர்கிறான். கையின் வேலையைப் பொறியிடம் கொடுப்பது எளிது. கண்ணின் வேலையும் அண்மைக் காலத்தில் எளிதாயிற்று. பலர் மறந்துவிடுவது தோலின் வேலையை.

கையின் வேலையை முதலில் காண்போம். பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. ஆகவே விண்மீன்கள் விநாடிக்கு 15 விகலை வீதம் மேற்கே நகர்வதாகத் தோன்றும். பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை என்பது வாசகர்கள் அறிந்ததே. 600 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சிறு தொலைநோக்கியோடு இன்றைய காமிரா ஒன்றைப் பொருத்தினால், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் விண்ணில் ஏறத்தாழ 1.3 விகலையைக் காட்டும். கருவி அசையாது நின்றால், ஒரே விநாடியில் விண்மீன் பத்துப் புள்ளிகளுக்கு மேல் கடந்து, புள்ளியாக இராமல் கோடாகிவிடும். இதைத் தவிர்க்கவே தாங்கியில் மோட்டார் வைத்துப் பூமிக்கு எதிராகச் சுழற்றுகிறார்கள். பற்சக்கரங்களில் சிறு குறைகள் இருக்குமாதலால், துணைத் தொலைநோக்கி ஒன்று இரண்டு மூன்று விநாடிக்கொருமுறை ஒரே விண்மீனைப் படமெடுத்துப் பார்த்து, அது இம்மி விலகினாலும் மோட்டாருக்குத் திருத்தம் சொல்லும். டிரேப்பர் காலத்தில் மனிதன் குறுக்குக் கம்பியில் கண்ணை வைத்துச் செய்த வேலை இது.

மோட்டார் சரியாகச் சுழல, தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். ஐரோப்பியர் எழுதிய நூல்களில் இதற்குத் துருவ நட்சத்திரத்தைப் பார் என்றிருக்கும். கோலாலம்பூரில் அந்த நட்சத்திரம் தொடுவானுக்கு மேல் சுமார் 3 பாகையில், சிங்கப்பூரில் ஒரு பாகைக்குச் சற்று மேலே நிற்பது. வாழைமரமோ அண்டை வீட்டுக் கூரையோ போதும் அதை மறைக்க. நம் பகுதியில் பலர் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. இந்தத் தொல்லையைத் தீர்த்து வைத்ததும், வீட்டுக்குள்ளிருந்து நோக்குவதையே இயலச் செய்ததும் ஒரே உபாயந்தான். எடுத்த படத்தைப் பார்த்து, வானத்தில் இது எந்த இடம் என்று கணினியே கண்டுகொள்ளும் உபாயம் அது.

எந்தப் பெயரும் எழுதப்படாத சில நூறு வெள்ளைப் புள்ளிகளைக் கணினி எப்படி அடையாளம் காணும்? பள்ளியில் வடிவொத்த முக்கோணங்களைப் படித்தவர்களுக்கு இது கடினமன்று. உருவத்தைப் பெரிதாக்கினாலும் சாய்த்தாலும் பக்கங்களின் விகிதம் மாறுவதில்லை அல்லவா? கணினி படத்திலிருந்து நான்கு விண்மீன்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் மிகத் தொலைவாக நிற்கும் இரண்டை அளவுகோலின் இரு முனைகளாக வைத்து, எஞ்சிய இரண்டும் அந்த அளவுகோலை ஒட்டி எங்கே நிற்கின்றன என்று அளக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்களாக நான்கு எண்கள் கிடைக்கும். வானம் முழுவதற்கும் இத்தகைய எண்களை முன்கூட்டியே கணித்து அட்டவணை ஆக்கி வைத்திருக்கிறார்கள். எண்கள் ஒத்துப்போனால், அவ்விடத்தில் இருக்க வேண்டிய பிற விண்மீன்களும் படத்தில் இருக்கின்றனவா என்று சோதித்து, அதன்பின்தான் முடிவு சொல்லும். அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்னும் முறையை வகுத்தவர்கள் செய்த அருமையான வேலை இது. இதன்பின், கருவி ஒளிமுகிலுக்கு இரண்டு பாகை தள்ளி நின்றாலும் கவலையில்லை. படமெடுத்து, பிழையறிந்து, மீண்டும் திருப்பி, மீண்டும் படமெடுத்துத் தானே சரியாகிவிடும். அச்சை நிறுத்துவதற்கும் இதுவே துணை. அச்சைச் சிறிது சிறிதாகச் சுழற்றி மூன்று படங்கள் எடுத்தால், அவற்றின் நடுப்புள்ளிகள் ஒரு வட்டத்தின்மேல் அமையும். அவ்வட்டத்தின் மையமே அச்சு நோக்கும் இடம். எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டுமென்று கணினி சொல்லும். திருகைத் திருப்பத்தான் இன்னும் மனிதன் வெளியே வர வேண்டும்.

தெளிவு பார்ப்பதும் கண்ணின் வேலையே. மேற்சொன்ன தொலைநோக்கி 100 மில்லிமீட்டர் வாயுடையதானால், காமிரா ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குள் சரியான இடத்தில் இருக்க வேண்டும். இரவில் வெப்பம் 5 பாகை குறைந்தால் 600 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் 0.07 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். ஆதலால் மாலையில் ஒருமுறை சரிசெய்தது விடியும்வரை நில்லாது. சிறு மோட்டார் காமிராவை முன்னும் பின்னும் நகர்த்தி, விண்மீனின் உருவம் எந்த இடத்தில் மிகச் சிறியதாகிறதென்று அளந்து அங்கே நிறுத்துகிறது.

இவற்றை எல்லாம் நடத்தும் கணினி எங்கே இருப்பது? வீட்டுக்குள்ளே வைத்து வெளியே நீண்ட வயர் இழுப்போர் விரைவில் வருந்துவர், யூ.எஸ்.பி. வயருக்கு 5 மீட்டர் என்ற எல்லையுண்டு. சீட்டுக்கட்டு அளவேயான ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியைத் தாங்கியின் காலிலேயே கட்டிவிட்டு, வீட்டுக்குள்ளிருக்கும் மடிக்கணினியால் வைஃபை வழியாக அதற்கு ஆணையிடுவதே தக்கது. வைஃபை அறுந்தாலும் வெளியிலுள்ள கணினி தன் வேலையைத் தொடரும். வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்த காமிராவும் மோட்டாரும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள ஆஸ்காம், இண்டி என்னும் பொது ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றை நிறுவுவதில் ஓரிரு மாலைகள் வீணாகும், பொறுமை வேண்டும்.

இனி, தோலின் வேலை. தெளிந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஈரம் மிகுந்த நம் நாட்டில் அரை மணியில் அதன்மேல் நீர் படிந்துவிடலாம். வெளியே நிற்பவன் தன் மேசை ஈரமாவதைக் கண்டு விழித்துக்கொள்வான். உள்ளே இருப்பவனோ படங்கள் ஏன் மங்குகின்றன என்று முகிலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பான். குழாயின் வாயைச் சுற்றிச் சில வாட் சூடு தரும் பட்டை ஒன்று கட்டினால் போதும். முகிலை அறியவும் கருவி உண்டு. அது வானிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. முகிலற்ற வானம் குளிர்ந்ததாகவும் முகில் மூடிய வானம் வெப்பமுள்ளதாகவும் தோன்றும். ஆனால் நம் காற்றிலுள்ள நீராவியே அக்கதிரை வீசுவதால், இரண்டிற்கும் உள்ள வேறுபாடு வறண்ட நாடுகளில் உள்ள அளவு இங்கே இராது. வெளிநாட்டு அளவை அப்படியே வைத்துக்கொண்டு ஏமாறலாகாது.

மழையே பெரும் பகை. சுமத்ரா எனப்படும் புயல்மழை வரிசை, ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியலுக்கு முன் வந்து தாக்குவது. கருவியை வெளியே விட்டவர் அயர்ந்து தூங்கும் நேரம் அன்றோ அது! மழையுணர் தகட்டின்மேல் ஒரு துளி விழுந்ததும் கூரை மூடிக்கொள்ளும்படி சிலர் அமைத்திருக்கிறார்கள். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. தொலைநோக்கி தாழ்ந்து படுக்கு முன் கூரை நகர்ந்தால் கூரையே அதை இடித்துத் தள்ளிவிடும். ஆகவே, கருவி படுத்துவிட்டதென்று ஒரு தனிச் சுவிட்சு தெரிவித்தாலன்றிக் கூரை அசையாதபடி செய்ய வேண்டும். கணினியின் சொல்லை மட்டும் இதில் நம்பலாகாது; அது நின்றுபோன இரவில்தான் மழை வரும். காமிராவுக்கு விலை விசாரிக்குமுன் மழைத்தகட்டுக்கு விலை விசாரிப்பவரே இவ்விளையாட்டில் நிலைத்து நிற்கிறார்.

வயர் சிக்கிக்கொள்வது இன்னொன்று. சில தாங்கிகளில் விண்மீன் உச்சியைக் கடந்ததும் தொலைநோக்கியை மறுபுறம் புரட்டியாக வேண்டும். இல்லையேல் காமிரா முக்காலியில் மோதும். அந்தப் புரட்டலில் ஒரு வயர் திருகில் மாட்டிக்கொண்டால், மோட்டார் வயரையே பிய்த்தெறியும். காலையில் கருவியைத் திறந்தபடி விடுவதும் தீது. சூரியன் அதன் வாய்க்கு நேரே வந்தால் உள்ளே எரிந்துபோகும்.

கண்ணருகே கண்ணாடியை வைத்துச் சனியின் வளையத்தைப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி மடிக்கணினியில் இல்லையென்று குறை கூறுவோர் உண்டு. அது மெய்தான். ஆயினும் முழங்கால் வலியால் இருட்டில் நிற்க இயலாத முதியவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், விடியற்காலை 5 மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவருக்கும் வானத்தின் கதவு இவ்வழியாகத்தான் திறக்கிறது.

புதிதாகத் தொடங்குவோர் முதல் நாளே உள்ளே போய் அமர்தல் கூடாது. சில இரவுகள் கருவியின் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது தானே திரும்பி, தானே தெளிவு பார்த்து, உச்சியில் புரண்டு, விடியலில் படுப்பதுவரை ஒன்றையும் தொடாமல் பார்க்க வேண்டும். எந்த இரவில் ஒரு தரமேனும் கையை நீட்ட நேர்ந்ததோ, அந்த இடத்தைச் சரிசெய்து மறுபடியும் நிற்க வேண்டும். கை கட்டினபடியே இருந்த இரவுகள் மூன்று தொடர்ந்து வந்தபின் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போகலாம்.