பொந்து போனால் பறவை ஏது?

ஒரு பறவையைச் சுடக்கூடாது. ஆனால் அது குடியிருக்கும் மரத்தை வெட்டலாம். இப்படி ஒரு சட்டம் இருந்தால் அந்தப் பறவை பிழைக்குமா? இந்தக் கேள்வி அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள பைன் காடுகளில் ஒரு சிறு மரங்கொத்தி வாழ்கிறது. ஆண் பறவையின் தலையோரம் மெல்லிய சிவப்புக் கீற்று இருக்கும். மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தில்தான் பொந்து குடையும். இதுவோ உயிருள்ள பைன் மரத்தையே நாடுகிறது. ஏன் தெரியுமா? பொந்தைச் சுற்றிக் கொத்தினால் பிசின் வடியும்; மரமேறும் பாம்பை அது தடுக்கும். ஆனால் பச்சை மரத்தைக் குடைவது எளிதன்று. ஒரு பொந்து முடியப் பல ஆண்டுகள்கூட ஆகும். வைரப்பகுதி ஒருவகைப் பூஞ்சையால் மென்மையான முதிய மரமே இதற்கு ஏற்றது. அத்தகைய மரத்தை வெட்டிவிட்டுக் கன்று நட்டால் ஈடாகுமா? கன்று முதிரும்வரை பறவை எங்கே தங்கும்?

1973-இல் இயற்றப்பட்ட அருகிவரும் உயிரினங்கள் சட்டம், இத்தகைய உயிர்களுக்குத் தீங்கு செய்வதைத் தடுக்கிறது. வாழிடத்தை அழித்து அவற்றைக் கொல்வதும் காயப்படுத்துவதும் தீங்கே என்று அரசு விதி வகுத்தது. மரத்தொழிலைச் சார்ந்தோர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1995-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பயன் என்ன? 1970-களின் இறுதியில் இம்மரங்கொத்திகள் வாழும் மரத்தொகுதிகள் சுமார் 1,470 மட்டுமே. 2024-இல் அவை சுமார் 7,800 என மதிப்பிடப்பட்டன. மரங்களில் செயற்கைப் பொந்துகளைப் பொருத்தியதும் இதற்கு உதவியது.

நில உரிமையாளரின் அச்சத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. பறவை வந்தால் நிலம் முடங்கும் என்று அஞ்சி, முன்கூட்டியே மரம் வெட்டியவர்களும் உண்டு. எனவே 1995-இல் வட கரோலினாவில் ஓர் ஒப்பந்தமுறை தொடங்கியது. தம் நிலத்தில் பறவைகளைப் பெருகச் செய்பவர் மீது அதற்காகக் கூடுதல் கட்டுப்பாடு விழாது. சட்டத்தைத் தளர்த்தாமலே சிக்கலுக்கு வழி பிறந்தது!

ஆயினும் 2025 ஏப்ரலில் "தீங்கு" என்பதற்கான அந்த விளக்கத்தையே நீக்கிவிட அமெரிக்க அரசு முன்மொழிந்தது. ஒரு சொல்லின் விளக்கம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அது போனால், துப்பாக்கிக்குத் தடை இருக்கும். கோடரிக்குத் தடை இருக்காது. மரங்கொத்திக்கு இரண்டும் ஒன்றே.