ஓடுகிற சரக்கோடு ஓடாத சரக்கு

வியாபாரத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஓடுகிற சரக்கைக் கேட்டுப் போனால், மொத்த வியாபாரி ஓடாத சரக்கு இரண்டு பெட்டியையும் சேர்த்து நம் தலையில் கட்டிவிடுவார். "இது வேண்டாம்" என்றால், "அப்போ அதுவும் இல்லே" என்பார். கடை நடத்தும் நானும் பலமுறை இப்படி வாங்கி வந்திருக்கிறேன். அரசாங்கப் பணத்திலும் இதே தந்திரம் நடக்கிறது என்பதை அமெரிக்க நிதி மசோதாக்களைப் பற்றிப் படித்தபோதுதான் அறிந்தேன்.

அங்கே இதற்குப் 'போர்க் பேரல்' என்று பெயர். உப்பிட்ட பன்றி இறைச்சி வைக்கும் பீப்பாய் என்று பொருள். நமக்குச் சொல்லவே நாக் கூசும். அவர்களுக்கோ 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் சொல். பொதுப்பணம்தான் பீப்பாய். அதில் கைவிட்டு அவரவர் தொகுதிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

நாட்டுக்கு அவசியமான மசோதா ஒன்று வரும். அதனுள் ஓர் உறுப்பினர் தம் ஊர்ப் பாலத்தைச் செருகுவார். மற்றொருவர் தம் ஊர் அணையைச் செருகுவார். உனக்கு நான், எனக்கு நீ என்று கை தூக்கிக்கொள்வார்கள். அதிபர் முழு மசோதாவையும் ஏற்கவேண்டும், இல்லையேல் முழுவதையும் திருப்பவேண்டும். நடுவில் ஒரு வரியை அடிக்க முடியாது. அந்த அதிகாரத்தைத் தந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1998-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

2005 ஆகஸ்டில் நிறைவேறிய நெடுஞ்சாலைச் சட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 28,600 கோடி டாலர். அதில் உறுப்பினர்கள் கேட்டுச் செருகிய இனங்கள் 6,000-க்கும் மேல். அலாஸ்காவில் சுமார் 50 பேர் வசிக்கும் கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட மட்டும் 22 கோடியே 30 லட்சம் டாலர்! தீவில்தான் விமான நிலையம் இருக்கிறது என்பது அவ்வூரார் தரப்பு நியாயம். ஆனால் படகில் சில நிமிஷத்தில் போய்விடலாம்.

அதே மாதக் கடைசியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஒரு பெரிய நெடுஞ்சாலைப் பாலத்தையே பெயர்த்துவிட்டது. அலாஸ்காப் பாலங்களின் பணத்தை அதற்குக் கொடுக்கலாமென்று செனட்டர் டாம் கோபர்ன் அக்டோபரில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 15, எதிர்ப்பு 82. எல்லோர் பெட்டியிலும் ஓடாத சரக்கு இருந்தால் யார் யாரைக் கேட்பது?

ஊர் சிரித்த பிறகு அந்த ஒதுக்கீட்டு நிபந்தனையை நீக்கினார்கள். 2007-இல் மாநில ஆளுநர் பாலத் திட்டத்தைக் கைவிட்டார். 2011-இல் இத்தகைய செருகல்களையே நிறுத்திவைத்து, 2021-இல் மீண்டும் அனுமதித்தார்கள். இப்போது கேட்பவர் பெயரோடு கோரிக்கையை வெளியிடவேண்டும்.

நம் நாட்டில் எப்படி? அரசியலமைப்பின் 114-ஆவது பிரிவின்படி, நிதி ஒதுக்க மசோதாவில் தொகையையோ நோக்கத்தையோ மாற்றும் திருத்தத்தை எந்த உறுப்பினரும் கொண்டுவர முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி 1993-இல் தனிக் கணக்காகவே வந்தது. அதனால் வீண்செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இங்கே அது வேறு வழியில் வரும், அவ்வளவுதான்.

கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும்: கூட்டுத்தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கவேண்டும். அரசாங்கக் கணக்காயினும் சரி, நம் சங்கத்தின் வரவு செலவாயினும் சரி, பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்போம்.