தலவில செல்லும் கரையோர வழியில்



புனித அன்னம்மாளின் தலவிலத் திருத்தலத்திற்கு வாகனத்தில் செல்லும் குடும்பங்கள் பல, நீர்கொழும்பையும் சிலாபத்தையும் யன்னலூடாகப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. நீர்கொழும்பில் இறங்குங்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்பில் பலர் உயிர்நீத்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் சற்றுநேரம் முழந்தாளிடுங்கள். பின்னர் கடற்கரையில் மீனவ முதியோரிடம் தமிழில் பேச்சுக்கொடுங்கள். இக்கரையோரத்தில், இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனும் பாட்டியும் செபித்தது தமிழிலேயே. பாடசாலைகள் சிங்களத்திற்கு மாறியதும் வீட்டுமொழியும் மெல்ல மாறியது. எஞ்சியிருக்கும் அந்தத் தமிழை உங்கள் பிள்ளைகள் காதாரக் கேட்கட்டும். பாடநூலில் அது கிடையாது.

சிலாபம் கடந்து, பாலாவியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. தலவிலத் திருவிழாக்கள் மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நடைபெறும். ஓகஸ்டில் கடல் கொந்தளிப்பாயிருக்கும். பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள்.