கரை நாடாவுக்கு ஓர் ஆள்

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, கல்விச் சுற்றுலாவில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் பாதி இடத்தைத் தறியே பிடித்திருந்தது. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார் ஐயா.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா. மூன்றையும் ஒருவரே ஓட்டுவது சிரமம். கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கூலியோ சேலைக்கு ஒன்றுதான். முன்பு அங்கே உட்கார்ந்த மகன், ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். இப்போது அடுப்பு வேலைக்கு நடுவே அம்மா வந்து உட்காருகிறார்.

"அங்க மாசமானா சம்பளம் வந்துடுதும்மா" என்றார் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்த என் அம்மாவின் சம்பளத்தில் படித்தவள் நான். என்ன சொல்வேன்?

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தது, தறிக்கு ஆள் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கல்யாணப் பட்டு எடுக்கும்போது சேலையைத் திருப்பி, கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கோர்வை என்றால் சற்றுச் சொரசொரப்பாகத் தட்டும். அதைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.